பழைய பஸ்ஸை நடமாடும் வீடாக்குவது: சிங்கப்பூர்வாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் இந்தப் பேச்சு தொடங்கிவிடும்: நியூசிலாந்தில் வாடகைக்கு எடுத்த கேம்பர்வேனுக்குக் கொடுத்த பணத்தில் சொந்தமாக ஒரு பழைய பஸ்ஸே வாங்கியிருக்கலாமே என்று. வாங்கலாம்தான். பஸ் எளிதில் கிடைத்துவிடும். துருவும் எடையும் சட்டமும்தான் ஆளைப் படுத்தும். கீழே உள்ள பதில்களில் இந்த மூன்றுக்குத்தான் அதிக இடம். திரைச்சீலை நிறம் பற்றி எதுவும் கிடையாது.

சிங்கப்பூரிலேயே ஒரு பழைய பஸ்ஸை வாங்கி மாற்ற முடியாதா?

சாலையில் ஓட்டுவதற்கென்றால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். முதல் தடை வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது வண்டியைப் பத்து ஆண்டு வைத்திருக்கும் உரிமை. பஸ்களும் சரக்கு வாகனங்களும் வரும் சி பிரிவில் 2024, 2025 ஆண்டுகளில் கட்டணம் 60,000 வெள்ளியைத் தாண்டியே இருந்தது. பத்து ஆண்டு முடிந்த பஸ்ஸைத் தொடர்ந்து வைத்திருக்க, அப்போதைய சராசரிக் கட்டணத்தைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஆண்டுக்கு நான்கு வாரம் பயணம் போகும் வண்டிக்கு இது கட்டுப்படியாகாது. அடுத்தது, இருக்கைகளைக் கழற்றி உள்ளமைப்பை மாற்றவே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். கனரக வாகனமாக இருந்தால் வாகன நிறுத்தச் சான்றிதழும், அதற்கான நிறுத்துமிடமும் தேவை. புளோக்குக்குக் கீழே உள்ள கார் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு மாடிக்குப் போக முடியாது.

சாங்கி வில்லேஜில் 20 பழைய பொதுப் பேருந்துகளை அறைகளாக்கி 2023 இறுதியில் ஒரு தங்கும் விடுதி திறந்தார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அவை நின்ற இடத்திலேயே நிற்பவை. அவற்றுக்கு எடைக் கணக்கும் வேண்டாம், சாலைத் தகுதிச் சோதனையும் வேண்டாம். உள்ளே ஓர் அறையை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பார்க்க ஓர் இரவு தங்கிவிட்டு வரலாம். அதற்கு மேல் அதிலிருந்து கற்க எதுவும் இல்லை.

சரி, ஜோகூரில் வைத்துக்கொண்டு வார இறுதியில் இங்கே ஓட்டி வரலாமா?

முடியாது. சிங்கப்பூரில் வசிக்கும் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பதிவான வண்டியை இங்கே ஓட்டக்கூடாது. மோட்டார் வீடுகளும் கேரவன்களும் வெளிநாட்டிலிருந்து சிங்கப்பூருக்குள் வரவும் அனுமதி இல்லை. ஐரோப்பாவிலிருந்து தரைவழியாகவே வருபவர்கள்கூட வண்டியை ஜோகூர் பாருவில் நிறுத்திவிட்டுப் பொதுப் பேருந்தில்தான் காஸ்வேயைக் கடக்கிறார்கள். மலேசியாவுக்குள் மட்டும் ஓட்டுவதென்றால், மாற்றத்துக்கு அந்நாட்டுச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலை முதலில் வாங்குங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் கழற்றச் சொல்வார்கள்.

அப்படியானால் எந்த நாடு?

பெரும்பாலோர் நியூசிலாந்தையோ ஆஸ்திரேலியாவையோ தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டிலும் நம்மைப் போலவே இடப்பக்க ஓட்டம், அதே 230 வோல்ட் மின்சாரம். பழைய பஸ் வாங்கி மாற்றுவது அங்கே சாதாரணம் என்பதால் உதிரிபாகம், எடைமேடை, கழிவுநீர் கொட்டும் நிலையம் எல்லாம் கிடைக்கும்.

முடிவைத் தீர்மானிப்பது ஓட்டுநர் உரிமம்தான். நியூசிலாந்தில் சாதாரணக் கார் உரிமத்தோடு, மொத்த எடை (ஆளும் சாமானும் சேர்த்து அனுமதித்த உச்ச எடை) 6,000 கி.கி. வரையுள்ள வண்டியை ஓட்டலாம். ஆஸ்திரேலியாவில் அந்த வரம்பு 4,500 கி.கி. அதற்கு மேல் 8,000 கி.கி. வரை இலகு கனரக உரிமமும், அதையும் தாண்டிய இரண்டு அச்சு வண்டிக்கு நடுத்தரக் கனரக உரிமமும் வேண்டும். இவை அந்த நாட்டு உரிமங்களுக்கான வரம்புகள் என்பதை மறக்காதீர்கள். நம் 3ஆம் வகுப்பு உரிமம் வெறும் வண்டியின் எடையைக் கணக்கில் கொள்கிறது. கார் வகைக்கு 3,000 கி.கி. வரைதான். சின்ன பஸ்கூட அதைத் தாண்டிவிடும். எனவே வாங்கும் முன்பே, வண்டியின் மாடல், மொத்த எடை, உங்கள் உரிமத்தின் வகுப்பு மூன்றையும் எழுதி, காப்புறுதி நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன "ஓகே" விபத்துக்குப் பிறகு செல்லாது.

வாகனத்தைப் பதிவு செய்ய அந்த நாட்டு முகவரி ஒன்று தேவைப்படும். நியூசிலாந்தில் டீசல் வண்டிக்குச் சாலைப் பயன்பாட்டுக் கட்டணத்தை 1,000 கி.மீ. கணக்கில் முன்கூட்டியே வாங்க வேண்டும். டீசல் விலை மலிவாக இருக்கிறதே என்று மகிழ்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. விற்பவர் கட்டாமல் விட்ட பாக்கி இருந்தால் அதுவும் தலைவலி. ஓடோமீட்டரையும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கட்டண வில்லையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்த மாதிரி பஸ் வாங்குவது?

முதல்முறை என்றால் டொயோட்டா கோஸ்டர் அல்லது மிட்சுபிஷி ரோசா. சுமார் 7 மீட்டர் நீளம், ஊர்ப்புறச் சாலையிலும் திரும்பும், உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். பழைய கோஸ்டரில் வரும் 1எச்இசட் என்ற 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் டர்போ இல்லாதது. மேட்டில் லாரிகளே முந்திப் போகும், ஆனால் எளிதில் படுக்காது. அதில் டைமிங் பெல்ட் உண்டு. மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். கோஸ்டரின் ஒரே பெரிய குறை கூரை உயரம். உயரமானவர் நிமிர்ந்து நிற்க முடியாது. உள்ளே காப்புப் பலகை ஒட்டினால் மேலும் ஐந்து சென்டிமீட்டர் போகும். அளவுநாடாவோடு போங்கள்.

சுற்றுலா கோச் பெரியது. தரைக்கு அடியில் பெட்டி வைக்கும் அறைகள் இருப்பதால் தண்ணீர்த் தொட்டி, பேட்டரி எல்லாம் அங்கே போய்விடும். நீண்ட காலம் வாழப்போகிறவர்களுக்கு அதுதான் சரி. உரிமமும் நிறுத்துமிடமும் வேறு கதை.

நகரப் பேருந்தைத் தவிர்த்துவிடுங்கள். விலை மலிவாகத் தெரியும். தாழ்தளப் பேருந்தில் பின்பாதி படிப்படியாக உயர்வதால் தரையே சமமாக இருக்காது. இரண்டு அகலக் கதவுகளை அடைக்க வேண்டும். கியர் விகிதம் நிறுத்தத்துக்கு நிறுத்தம் போவதற்கானது என்பதால் நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்திக்கொண்டே இருக்கும்.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

எடுத்துச் செல்ல வேண்டியவை: டார்ச், தட்டை ஸ்குரூடிரைவர், காந்தம், கீழே விரித்துப் படுக்க ஒரு பழைய போர்வை. விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், நாங்கள் வரும்வரை எஞ்சினைப் போடாதீர்கள் என்று. போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் கிளம்புவதில் ஏதோ சிக்கல், அதை மறைக்கத்தான் முன்பே ஓடவிட்டிருக்கிறார்.

குளிர்ந்த எஞ்சினை இயக்கியதும் வரும் வெள்ளைப் புகை ஒரு நிமிடத்தில் தெளிந்தால் குளிரில் எஞ்சினைக் கிளப்ப உதவும் குளோ பிளக் தேய்ந்திருக்கலாம், சின்னச் செலவு. தெளியாமல் இனிப்பு வாசனையோடு வந்தால் எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் திரவம் சிலிண்டருக்குள் போகிறது. அந்த வண்டியை விட்டுவிடுங்கள். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கறுப்புப் புகை மேடேறும்போது மட்டும் வந்தால் காற்று வடிகட்டியோ இஞ்செக்டரோ காரணம். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் தளர்த்துங்கள். லேசான ஆவி பரவாயில்லை. மூடி துள்ளும் அளவுக்குக் காற்று அடித்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன.

காற்று பிரேக் உள்ள வண்டியா? அழுத்தம் முழுதாக ஏறியதும் எஞ்சினை அணைத்து, அழுத்தமானி முள்ளைச் சில நிமிடம் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் கசிவு. பிறகு காற்றுத் தொட்டியின் வடிகுழாயைத் திறக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் தண்ணீர் வந்தால் இயல்பு. பால் கலந்த எண்ணெய் போல வந்தால் கம்ப்ரசரோ காற்று உலர்த்தியோ முடிந்துவிட்டது.

எஞ்சினை மாற்றலாம். துருப்பிடித்த உடலை மாற்ற முடியாது. படிக்கட்டுக் குழி, சக்கர வளைவுகள், முன் கண்ணாடியின் மேல்விளிம்பு, பக்க ஜன்னல்களின் கீழ்ச்சட்டம், கூரை ஓரத்து நீர்க்கால் ஆகியவைதான் முதலில் போகும். அடிப்பகுதி முழுவதும் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு அடித்திருந்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், துரு தின்ற இடம் அட்டைப்பெட்டி போல மந்தமாகக் கேட்கும். காந்தம் ஒட்டாத இடத்தில் இருப்பது துளையை அடைத்த புட்டி. உள்ளே ஜன்னலோரத் தரையைக் குதிகாலால் அழுத்துங்கள். அமுங்கினால் ஒட்டுப்பலகை அழுகிவிட்டது, அதற்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டமும் துருவேறியிருக்கும்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019இன் 35ஆம் வாரம். பார்க்கப் புதிது போல் இருந்தாலும் ஏழெட்டு ஆண்டான டயரை மாற்றும் செலவாகவே கணக்கிட்டுப் பேரம் பேசுங்கள். ஆறு டயர் என்பதை மறக்க வேண்டாம்.

இருக்கைகளைக் கழற்றுவது எளிதா?

சலிப்பான வேலை. முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். பாதி போல்ட்டுகளுக்குக் கீழே ஒருவர் படுத்து நட்டைப் பிடிக்க வேண்டும், மீதி எப்படியும் கிரைண்டரால்தான் வரும். கிரைண்டர் பொறி ஜன்னல் கண்ணாடியில் பட்டால் புள்ளி புள்ளியாக உருகி ஒட்டிக்கொள்ளும், துடைத்தால் போகாது. ஈரத் துணியால் மூடிவிட்டு வெட்டுங்கள்.

எல்லா இருக்கைகளையும் தூக்கி எறியாதீர்கள். வண்டி ஓடும்போது எத்தனை பேர் உட்காரப் போகிறீர்களோ, அத்தனை இருக்கைகளை அவற்றின் தொழிற்சாலைப் பிடிமானத்தோடு விட்டுவையுங்கள். சீட்பெல்ட் நங்கூரத்தைப் புதிய இடத்துக்கு மாற்றினால் பொறியாளர் சான்று வேண்டும். ஒட்டுப்பலகைப் பெட்டியில் பெல்ட்டைத் திருகி வைப்பது விபத்தில் பெட்டியோடு சேர்ந்து பறக்கும் ஏற்பாடு. குழந்தைகளுக்கு முன்நோக்கிய இருக்கையே வேண்டும், பக்கவாட்டுச் சோபா படுக்கைக்கு மட்டும்.

உள்ளே வேர்க்கிறது என்கிறார்களே, அது ஏன்?

சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு ஈரம் புதிதல்ல, ஆனால் இது வேறு மாதிரி. வெளியே 3 டிகிரி, உள்ளே நான்கு பேர் மூச்சு விடுகிறார்கள், அடுப்பில் ரசம் கொதிக்கிறது. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். அது குளிர்ந்த இரும்பு விலாச் சட்டத்தில் பட்டு நீராகி, பலகைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கி, தரையில் தேங்கும். இரண்டு குளிர்காலத்தில் புதுத் தரையும் அழுகும்.

தடுப்பது இப்படி. பழைய தரைப் பலகையை முழுதாகப் பெயர்த்தெடுங்கள். துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியைப் பூசி, காய்ந்ததும் துத்தநாகப் பிரைமர், பிறகு பெயின்ட். விலாச் சட்டங்களுக்கு இடையில் நீர் உறிஞ்சாத, நுண்ணறைகள் மூடிய நுரைப் பலகையை வெட்டி வையுங்கள். சட்டத்தின் மேலும் மெல்லிய நுரை நாடா ஒட்டுங்கள். பலர் விடுவது இந்த இரண்டாவதைத்தான், இரும்பு வழியே குளிர் நேராக உள்ளே வரும். ஜன்னல் ஓரத்துக்கும் கூரைத் துளைகளுக்கும் பாலியூரிதேன் பசை. குளியலறைக்குப் பூசும் சாதாரண சிலிக்கான் வேண்டாம். காய்கையில் புளி வாசனை வருகிறதே, அது அசிட்டிக் அமிலம், இரும்பை அரிக்கும்.

கூரை விசிறி ஒன்று கட்டாயம். எதிர்ப்பக்கத்தில் ஒரு ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைத்தால்தான் அது வேலை செய்யும். சூடாக்க, வெளியே புகை போகும் 2 கிலோவாட் டீசல் ஹீட்டர் போதும். கேஸ் அடுப்பைப் பற்ற வைத்துக் குளிர் காய்வது ஈரத்தோடு கார்பன் மோனாக்சைடையும் சேர்த்துக் கொடுக்கும்.

எடை இவ்வளவு முக்கியமா? பஸ் 20 பேரைத் தூக்கியதுதானே?

எல்லோரும் சொல்லும் வாதம், பாதிதான் உண்மை. ஆஸ்திரேலியாவில் கார் உரிமத்தோடு ஓட்டுவதற்காகப் பலர் கோஸ்டரின் மொத்த எடை வரம்பை 4,495 கி.கி.க்குக் குறைத்துப் பதிவு செய்கிறார்கள். அப்படி ஒரு வண்டி, இருக்கைகள் போனபின் 3,400 கி.கி. நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 1,095 கி.கி.

இப்போது ஏற்றுவோம். 12 மி.மீ. ஒட்டுப்பலகை முழுத் தாள் ஒன்று சுமார் 20 கி.கி., பதினைந்து தாளுக்கு 300. நான்கு பேர் 280. தண்ணீர் 120 லிட்டர், அது 120. டீசல் 80. குளிர்பெட்டி, பேட்டரி, இன்வெர்ட்டர், சூரியத் தகடு 120. அடுப்பு, கழிப்பறை, மெத்தை 150. துணி, சாமான், அரிசி மூட்டை, இரண்டு சைக்கிள் 150. கூட்டினால் 1,200. இன்னும் திரைச்சீலைகூட மாட்டவில்லை, 105 கி.கி. கூடிவிட்டது. பலகையை 9 மி.மீ. ஆக்கினால் 75 குறையும். தொட்டியில் 70 லிட்டரோடு கிளம்பினால் இன்னும் 50. இப்போது 20 கி.கி. கைவசம். இந்தக் கணக்கை முதல் பலகையை வெட்டும் முன் காகிதத்தில் போட வேண்டும்.

எங்கே வைக்கிறோம் என்பது அடுத்தது. கோஸ்டரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறத்தாழ 4 மீட்டர். பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால், வால் பகுதியில் 100 லிட்டர் தொட்டி வைத்தால் பின் அச்சில் 100 கி.கி. அல்ல, 150 கி.கி. ஏறும், முன் அச்சிலிருந்து 50 கி.கி. கழியும். சீசா விளையாட்டுதான். முன் சக்கரம் இலேசானால் ஸ்டீயரிங் மிதக்கும், ஈரச் சாலையில் பிரேக் பிடிக்காது. தொட்டியும் பேட்டரியும் இரண்டு அச்சுக்கு இடையில்தான். இடமும் வலமும்கூடச் சமமாக இருக்கட்டும். பாதி வேலையில் ஒரு தடவையும் முடிந்ததும் ஒரு தடவையும் எடைமேடைக்குப் போய், முன் அச்சைத் தனியாகவும் பின் அச்சைத் தனியாகவும் நிறுத்துப் பாருங்கள்.

மின்சாரம் எவ்வளவு தேவை? மிக்ஸி ஓடுமா?

ஓடும். மிக்ஸிக்குப் பயப்பட வேண்டாம், குளிர்பெட்டிக்குப் பயப்படுங்கள். 750 வாட் மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடினால் 65 வாட்-மணிதான். நாள் முழுதும் விட்டு விட்டு ஓடும் 12 வோல்ட் கம்ப்ரசர் குளிர்பெட்டி 600 வாட்-மணி எடுக்கும். ஒரு நாளின் கணக்கு இப்படி வரும்: குளிர்பெட்டி 600, விளக்கு 60, விசிறி 150, தண்ணீர் பம்ப் 30, கைபேசி மடிக்கணினி 200, 500 வாட் சோறு குக்கர் அரைமணி நேரம் இன்வெர்ட்டர் இழப்போடு 280, மிக்ஸி 70. மொத்தம் 1,390.

200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 2,560 வாட்-மணி தாங்கும். அதில் எண்பது விழுக்காட்டைப் பயன்படுத்தினால் வெயில் இல்லாமல் ஒன்றரை நாள். கூரையில் 400 வாட் சூரியத் தகடு கோடையில் ஒரு நாளைக்கு சுமார் 1,250 கொடுக்கும்; நியூசிலாந்துத் தென்தீவின் குளிர்காலத்தில் அதில் ஒரு பகுதிதான் வரும். வண்டி ஓடும்போது ஏற்ற 40 ஆம்பியர் டிசி சார்ஜர் இருந்தால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஆயிரத்துக்கு மேல் ஏறிவிடும். பஸ்ஸின் மின்னமைப்பு 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்துவிட்டு சார்ஜரை வாங்குங்கள். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை ஏற்றினால் உள்ளே கெட்டுவிடும். அதனால் அதை வண்டிக்குள் வையுங்கள், வெளிப்பெட்டியில் அல்ல.

2,000 வாட் இன்வெர்ட்டரை 12 வோல்ட்டில் முழுதாக இயக்கினால் 185 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 70 சதுர மி.மீ. கம்பி, முடிந்தவரை குட்டையாக, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸோடு. 24 வோல்ட்டில் மின்னோட்டம் பாதியாகும், பெரிய பஸ்ஸுக்கு அதுவே நல்லது. வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பியை வண்டியில் போடாதீர்கள், அதிர்வில் முறியும். பல இழைக் கம்பிதான் சரி. முனைகளைச் சுத்தியலால் நசுக்காமல் ஹைட்ராலிக் கருவியால் அழுத்துங்கள். தளர்ந்த முனை சூடாகும், சூடான முனை தீ வைக்கும். 230 வோல்ட் பகுதியை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விடுங்கள். நியூசிலாந்தில் முகாம் தளத்து மின்சாரத்தில் இணைக்க நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் மின் தகுதிச் சான்று கேட்பார்கள்.

ஏர்கான்?

பேட்டரியில் வேண்டாம். கூரை ஏர்கான் ஒரு மணி நேரம் ஓடினாலே கிட்டத்தட்ட ஒரு நாள் மின்சாரம் போய்விடும். நிழலில் நிறுத்துங்கள், அல்லது மின் இணைப்புள்ள தளத்தில் தங்குங்கள்.

கேஸ் அடுப்பா, இண்டக்ஷனா?

தாளிப்பும் தோசையும் வேண்டுமென்றால் கேஸ். சிலிண்டர் அறை வண்டிக்குள்ளிருந்து முழுக்க அடைபட்டு, அடியில் வெளியே திறக்கும் துளையோடு இருக்க வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் கீழே இறங்கி வெளியேற வழி வேண்டும். கேஸ் கண்டறியும் கருவி தரையருகே, கார்பன் மோனாக்சைடு கருவி தலை உயரத்தில். குழாய் வேலைக்கு அந்த நாட்டு கேஸ் பணியாளரின் சான்று வாங்குங்கள். இன்னொன்று, மீன் பொரிக்க வெளியே மடக்கு மேசையும் தனி அடுப்பும் வைத்துக்கொள்ளுங்கள். மெத்தைக்கு ஏறிய கருவாட்டு வாசனையைப் போக்க இதுவரை எந்தச் சாதனமும் வரவில்லை.

தண்ணீரும் கழிப்பறையும்?

நியூசிலாந்தின் தற்சார்பு வாகன விதி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாளுக்கு நல்ல தண்ணீர் கேட்கிறது. நான்கு பேருக்கு 48 லிட்டர். அதற்கு ஈடான கழிவுநீர்த் தொட்டி, கழுவுதொட்டி, மூடியுள்ள குப்பைக்கூடை, வண்டிக்குள் நிலையாகப் பொருத்திய கழிப்பறை ஆகியவையும் வேண்டும். 2023இல் வந்த சட்டத்துக்குப் பிறகு கட்டிலுக்கடியில் ஒளித்து வைக்கும் கையடக்கக் கழிப்பறை செல்லாது, பச்சை வில்லைச் சான்று வேண்டும். அது இல்லாமல் ஊராட்சி நிலத்தில் இலவசமாகத் தங்கினால் அபராதம்.

கையேடுகள் சொல்லாத ஒன்று: நாம் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள். கேசட் கழிப்பறையில் கழற்றிக் கொண்டுபோய்க் கொட்டும் பெட்டி 18 லிட்டர் அளவில்தான் இருக்கும். பைடே குழாயை மாட்டினால் ஒரு தடவைக்கு, ஃப்ளஷோடு சேர்த்து, ஒன்றரை லிட்டருக்கு மேல் உள்ளே போகும். நான்கு பேர் குடும்பத்துக்குப் பெட்டி ஒரே நாளில் நிரம்பிவிடும். 300 மில்லி பிடிக்கும் சொம்பு வைத்தால் இரண்டு நாள் ஓடும். ஒரு உபரிப் பெட்டி வாங்கிக்கொண்டால் நிம்மதி. சிறுநீரைத் தனியாகப் பிரித்து மக்கவைக்கும் உலர் கழிப்பறையைப் பலர் பரிந்துரைப்பார்கள். உள்ளே தண்ணீர் ஊற்றினால் அது மக்காது, நாறும். காகிதத்துக்கு மாறத் தயாரில்லாத வீட்டுக்கு அது சரிவராது.

சிங்கப்பூரிலிருந்து என்ன கொண்டுபோகலாம்?

தேக்காவில் வாங்கிய மிக்ஸி, குக்கர், இட்லித் தட்டு எல்லாம் கொண்டுபோகலாம். மின்னழுத்தம் ஒன்றே, பிளக் வடிவம்தான் வேறு. லித்தியம் பேட்டரியை விமானத்தில் கொண்டுபோக நினைக்காதீர்கள். 100 வாட்-மணி பவர்பேங்க் அளவுக்குத்தான் பொதுவாக அனுமதி. பேட்டரி, கேஸ் சாதனம், பசை எல்லாவற்றையும் அங்கேயே வாங்குங்கள், சான்று தருபவரும் அங்கு விற்கும் பொருளைத்தான் அடையாளம் காண்பார்.

பச்சைக் கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மசாலா, பருப்பு, ஊறுகாய் எதுவானாலும் நாட்டுக்குள் நுழையும்போது அறிவித்துவிடுங்கள். நியூசிலாந்தில் அறிவிக்காமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். மண் ஒட்டிய காலணியும் கூடாரமும்கூட அறிவிக்க வேண்டியவை.

எந்த வரிசையில் வேலை செய்வது?

இயந்திரமும் பிரேக்கும் முதலில். பிறகு துரு, கூரை ஒழுகல், தரை. ஒரு மழை பெய்து ஒழுகவில்லை என்று உறுதியான பிறகே காப்புப் பலகை. அதன்பின் கம்பி, குழாய். கடைசியில்தான் அலமாரி. மூன்று வார விடுப்பில் எல்லாவற்றையும் முடிக்கத் திட்டமிட்டால் நடக்காது. முதல் பயணத்துக்கு மெத்தை, குளிர்பெட்டி, கேஸ் அடுப்பு மட்டும் வைத்துப் போய் வாருங்கள், அப்போதுதான் கட்டில் எந்தப் பக்கம் வேண்டும் என்பதே தெரியும். போட்டிருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை மரவேலைக்குத் தொடாமல் வைத்திருங்கள். பிரேக் டிரம்மைத் திறக்கும் நாளில் அது தேவைப்படும்.

நாம் இங்கே இருக்கும் மாதங்களில் பஸ் என்ன ஆகும்?

கூரையுள்ள இடம் கிடைத்தால் நல்லது. தண்ணீர்த் தொட்டி, குழாய், பம்ப் எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள், உறைந்தால் வெடிக்கும். டீசல் தொட்டியை நிரப்பி விடுங்கள், காலியிடத்தில்தான் ஈரம் படிந்து பூஞ்சை வளரும். லித்தியம் பேட்டரியைப் பாதி நிரம்பிய நிலையில் துண்டித்து வையுங்கள். வண்டியைக் கிளப்பும் பேட்டரிக்கு மட்டும் சிறிய சூரியத் தகடு. குளிர்பெட்டிக் கதவு திறந்தே இருக்கட்டும், கழிப்பறைப் பெட்டியைக் கழுவிக் காயவைத்து மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் ரப்பர் ஒட்டிக்கொள்ளும். எலி வராமல் இருக்க அரிசி மூட்டையை யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள். டயரில் காற்றைச் சற்றுக் கூட்டி வையுங்கள்; திரும்பி வந்ததும் சரியான அளவுக்கு இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.

பதிவையும் அப்படியே காலாவதியாக விடாதீர்கள். நியூசிலாந்தில் முன்கூட்டியே நிறுத்திவைக்க விண்ணப்பிக்கலாம். நீண்ட காலம் சும்மா விட்டுப் பதிவு ரத்தானால், பழைய பஸ்ஸை இன்றைய விதிப்படி புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். சோதனைக்காரர் ஸ்குரூடிரைவரோடு அடியில் படுப்பார்.